தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டும்

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பீர்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் அதைத்தான் சொல்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

விடுமுறை முடிந்து நீங்கள் கிளம்பிய அன்று உங்கள் பையை அடுக்கிக் கொடுத்தது நான்தானே? பக்கப் பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, நசுக்கித் தட்டையாக்கிய காலி டப்பாக்கள், ஏழு. எல்லாம் தூக்கம் வராமல் இருக்கக் குடிக்கும் அந்த இனிப்புப் பானம். இன்னொன்று, நான்காக மடித்த ஒரு தாள். உங்களைக் கேட்காமல் அதைப் பிரித்தது தப்பு. அதற்கு முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பிரித்துவிட்டேன், படித்தும் விட்டேன்.

"கிரேன் இயக்குபவர். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கு மேல். மே 2 மறுபரிசோதனை. அப்போதும் குறையாவிட்டால் கிரேன் ஏறும் தகுதி நிரந்தரமாக ரத்து."

அன்றைக்கு ரயில் நிலையத்தில் நீங்கள் என் தலையைக் கலைத்துவிட்டு, "நல்லா படி" என்று சொன்னீர்கள். உங்கள் பையில் அந்தத் தாள் இருந்தது. எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டேன், அப்பா. என்னிடம் சொல்லலாம்.

ஒரு ஒப்பந்தம் போடுவோமா? போனில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். பக்கத்தில் அம்மா இருப்பார், பேச்சு காற்றோடு போய்விடும். ஆனால் தாளில் உண்மை மட்டும். ஒரு நாளைக்கு எத்தனை டப்பா? தண்ணீர் ஏன் குடிப்பதில்லை? நீங்கள் இங்கே இருந்த பத்து நாளும் கவனித்தேன். சாப்பாட்டுக்கு நடுவில்கூட நீங்கள் தண்ணீர்க் குவளையைத் தொடவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
பூதக்கண்ணாடி
(நீங்கள் வைத்த பெயர்தானே, அனுபவியுங்கள்.)


ஜனவரி 20

என் பூதக்கண்ணாடிக்கு,

அப்பா எழுதுவது. பள்ளிக்கூடம் விட்டபிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத்தான். எழுத்து கோழி கிளறியது போல் இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. பையை அடுக்கச் சொன்னால் பையைப் படிக்கிறாளே என்று. அறையில் என்னோடு தங்கியிருக்கும் நெட்டையன்தான் சிரித்தான். "உனக்கு ஒரு டாக்டர் போதாதுன்னு வீட்டுலயும் ஒண்ணு வளர்த்து வெச்சிருக்கியா?" என்றான். அவன்தான் கீழே நின்று ரேடியோவில் எனக்கு வழி சொல்பவன். வலம், இடம், இறக்கு, நிறுத்து. பதினோரு வருடமாக அவன் சொல்கிறான், நான் கேட்கிறேன். உன் அம்மாகூட அவ்வளவு அதட்டியதில்லை.

இதை மேலே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காற்று ஒரு அளவைத் தாண்டினால் கிரேனை நிறுத்தச் சொல்லிச் சங்கு ஊதுவார்கள். காற்று எப்போது அடங்கும் என்று தெரியாது, அதனால் யாரும் இறங்குவதில்லை. என் காலுக்குக் கீழே கண்ணாடித் தரை. அதன் வழியே பார்த்தால் மனிதர்களே கிடையாது, தலைக்கவசங்கள்தான். மஞ்சள் ஓடினால் கப்பலில் வரும் சரக்குப் பெட்டிகளைக் கட்டுபவர்கள். வெள்ளை நின்றால் மேற்பார்வையாளர். பச்சை என்றால் நெட்டையன். இங்கிருந்து பார்த்தால் அவன் நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை. ஒரு பச்சைப் பொட்டு. பறவைகூட எனக்குக் கீழேதான் பறக்கிறது. அதன் முதுகைப் பார்த்திருக்கிறாயா நீ? நான் தினமும் பார்க்கிறேன்.

சரி, கேட்டதற்குப் பதில். ஒரு நாளைக்கு நாலு டப்பா.

தண்ணீர் ஏன் குடிப்பதில்லை என்றால், இந்தக் கிரேன் பழசு. லிஃப்ட் கிடையாது. இருநூற்றுப் பன்னிரண்டு படி. இறங்க எட்டு நிமிடம், ஏறப் பன்னிரண்டு. நான் இறங்கினால் கப்பல் காத்திருக்கும், லாரிகள் வரிசை கட்டும். "என்னய்யா, பாதி வேலையில எங்க கிளம்பிட்ட?" என்று மேற்பார்வையாளர் ரேடியோவில் கேட்பார், எல்லார் காதிலும் விழும்படி. அதனால் மேலே ஏறுகிற எங்கள் எட்டுப் பேருக்கும் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது: தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டும். ஆகவே குடிக்காதே. டப்பா சின்னது. தொண்டையும் நனையும், கண்ணும் சொருகாது. இப்படியே பழகி, லீவில் வந்தாலும் கை தண்ணீர் பக்கம் போவதில்லை.

தகுதி போனால் துறைமுக வாசலில் நின்று பெட்டியின் பூட்டைச் சரிபார்க்கிற வேலை கொடுப்பார்கள். சாப்பாட்டுக்குக் குறை வராது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான் கண்ணு. இதை விட்டு இறங்க மனசு வரவில்லை.

அம்மாவிடம் சொல்லாதே. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே லென்ஸ் பொருத்துகிறவள், அவளுக்கு இதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

ஒப்பந்தம் சம்மதம். தாளில் பொய் கிடையாது.

அப்பா


பிப்ரவரி 1

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பறவையின் முதுகை மட்டும் ஏழு முறை. நம் ஒப்பந்தத்தை மதித்தீர்கள், ரொம்ப நன்றி.

உடனே வேலையில் இறங்கிவிட்டேன். நூலகத்தில் உடல்நலப் புத்தகங்கள் இரண்டு எடுத்தேன். சனிக்கிழமை நம் தெருமுனைக் கடைக்கு நோட்டுப்புத்தகத்தோடு போய், குளிர்பெட்டியில் இருந்த ஒன்பது பானங்களின் லேபிளையும் எழுதிக்கொண்டேன். கடைக்கார அண்ணன், "பாப்பா, வாங்கப் போறியா, பரீட்சைக்குப் படிக்கிறியா? கதவைத் திறந்தே வெச்சா ஐஸ் எல்லாம் அழுதுடும்" என்றார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒன்பதையும் முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

நீங்கள் குடிக்கும் டப்பாவில் 27 கிராம் சர்க்கரை. தேக்கரண்டிக்கு ஐந்து கிராம் என்று வைத்துக்கொண்டால் ஐந்தரைக் கரண்டி! ஒரு குவளைத் தேநீரில் யாராவது ஐந்தரைக் கரண்டி போட்டுக் கொடுத்தால் நீங்களே துப்பிவிடுவீர்கள். குளிர்ச்சியாக இருப்பதால் நாக்குக்குத் தெரிவதில்லை என்று புத்தகத்தில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் நல்லது தண்ணீர்தான் என்று இரண்டு புத்தகமும் சொல்கின்றன. ஆனால் உங்கள் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லையே. அதனால் இரண்டாவது நல்லதைத் தேடினேன். கிடைத்தது! தோட்டத்துப் படம் போட்ட பழச்சாறு பாட்டில். அதில் 11 கிராம்தான். டப்பாவில் பாதிகூட இல்லை. பழம் வேறு. மேலே போகும்போது அதில் இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாக்களை நெட்டை மாமாவிடம்கூடக் கொடுக்காதீர்கள், அவருக்கும் உடம்பு இருக்கிறது.

ஒன்பது பானங்களின் அட்டவணையையும் இதோடு வைத்திருக்கிறேன். கோடெல்லாம் அளவுகோல் வைத்துப் போட்டது.

உங்கள்,
பூதக்கண்ணாடி


பிப்ரவரி 10

என் டாக்டரம்மாவுக்கு,

டப்பாவைத் தலைமுழுகிவிட்டேன். முதல் இரண்டு நாள் தலை உலக்கையால் இடித்தது போல் இருந்தது. இப்போது பரவாயில்லை.

உன் பழச்சாறு அமிர்தம். நீ இரண்டு என்று எழுதியிருந்தாய். நல்ல விஷயத்தில் கஞ்சத்தனம் எதற்கு? மேலே இரண்டு, கீழே அறையில் இருக்கும்போது நாலு. காலையில் எழுந்ததும் ஒன்று, சாப்பாட்டோடு இரண்டு, படுக்கும் முன் ஒன்று. "பழத்தோட்டத்தையே மேஞ்சுட்டியே" என்கிறான் நெட்டையன். உன் அட்டவணையை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்.

இன்று பெரிய கப்பல். கண்ணாடித் தரை வழியாகப் பார்த்தால் மஞ்சள் தலைக்கவசங்கள் கடுகு கொட்டினதுபோல் ஓடுகின்றன. வெள்ளை ஒன்று கையை ஆட்டி ஆட்டி யாரையோ திட்டுகிறது. என்ன திட்டு என்று இங்கே கேட்காது. அதுதான் இந்த உயரத்தின் சுகம்.

மே மாதம் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அடுத்த வாரமே இங்கே சுகாதார அறையில் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்கப் போகிறேன். குறைந்திருந்தால் முதல் செய்தி உனக்குத்தான்.

பெருமையுடன்,
அப்பா


பிப்ரவரி 26

அன்புக் கண்ணுக்கு,

பரிசோதனை முடிந்தது. பயப்பட ஒன்றுமில்லை. வேலை வழக்கம்போல் போகிறது.

வேறு என்ன எழுதுவது. தண்டவாளத்துக்கு நடுவில் புல் முளைத்திருக்கிறது. இந்த எண்ணெயிலும் தூசியிலும் அது எப்படி முளைக்கிறதோ. எடைமேடைக்கு அடியில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது, ஒன்றுக்கு ஒரு காது மட்டும் கருப்பு. நெட்டையன் இன்று அவசரத்தில் ஒரு காலில் நீலக் காலுறையும் இன்னொரு காலில் சாம்பல் காலுறையும் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். எல்லாரும் அவனை ஓட்டு ஓட்டு என்று ஓட்டினார்கள்.

பாட்டிலை நிறுத்திவிட்டேன். சும்மாதான், சலித்துவிட்டது.

நன்றாகப் படி. அம்மாவைப் பார்த்துக்கொள்.

அப்பா


மார்ச் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு விஷயம் எழுத வேண்டும். இரண்டுமே எழுதக் கஷ்டமானவை. என் தப்பை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்றுப் பள்ளி விட்டதும் அம்மா கடைக்குப் போனேன். நீங்கள் குடித்ததையே நானும் குடித்துப் பார்க்கலாம் என்று அந்தத் தோட்டத்துப் பழச்சாறு ஒன்று வாங்கியிருந்தேன். லென்ஸில் கீறல் பார்க்க அம்மா கண்ணில் பொருத்திக்கொள்ளும் சின்ன பூதக்கண்ணாடி மேசையில் கிடந்தது. விளையாட்டாக அதை வைத்து லேபிளைப் பார்த்தேன். 11 கிராமுக்குப் பக்கத்தில் எறும்புக்கால் அளவு எழுத்தில், "100 மில்லிக்கு" என்று இருந்தது. பாட்டில் 300 மில்லி.

டப்பாவில் போட்டிருந்த 27, முழு டப்பாவுக்கு. பாட்டிலில் போட்டிருந்த 11, மூன்றில் ஒரு பங்குக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அளவுகோல் வைத்துக் கோடு வேறு போட்டு அனுப்பினேன். ஒரு பாட்டிலில் 33 கிராம், அப்பா. நீங்கள் ஆறு குடித்தீர்கள். நாற்பது தேக்கரண்டிக்கு இரண்டு கிராம்தான் குறைவு. நாலு டப்பாவில் இருந்தது இருபத்திரண்டு கரண்டிகூட இல்லை. நான் உங்களுக்குச் சர்க்கரையைக் குறைக்கவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினேன்.

அங்கேயே அழுதுவிட்டேன். அம்மா பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அம்மா கையிலிருந்த லென்ஸை முழுவதுமாகப் பொருத்தி முடித்தார். கடைசியில், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் யாரு, தபால் பெட்டியா?" என்றார். பிறகு, "உங்கப்பா மேல நான் கோபமா இருக்கேன்னு எழுது. அடியில ரெண்டு கோடு போடு" என்றார். போட்டிருக்கிறேன்: அம்மா கோபமாக இருக்கிறார்.

இரண்டாவது விஷயம். உங்கள் கடிதங்கள் மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்தேன். முதல் இரண்டிலும் மனிதர்களே இல்லை, தலைக்கவசங்கள்தான் இருந்தன. கடைசிக் கடிதத்தில் ஒரு தலைக்கவசம்கூட இல்லை. புல் இருக்கிறது, பூனைக்குட்டியின் காது இருக்கிறது, நெட்டை மாமாவின் காலுறை இருக்கிறது. அவரே ஒரு பச்சைப் பொட்டாகத் தெரியும் உயரத்திலிருந்து அவருடைய காலுறையின் நிறம் எப்படித் தெரியும்?

அப்பா, நீங்கள் கீழே இருக்கிறீர்களா?

பூதக்கண்ணாடி


மார்ச் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

பன்னிரண்டு நாளாகப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். நீங்கள் மழையைப் பற்றிப் பேசினீர்கள். நானும் மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

என் மேல் கோபமாக இருந்தால் அது நியாயம்தான். வகுப்பில் என்னை எல்லாரும் "தப்பே பண்ணாதவ" என்பார்கள். அதைக் கேட்டால் இப்போது காது கூசுகிறது. நீங்கள் பதினோரு வருடம் ஏறிய படியை நான் ஒரே ஒரு அட்டவணையால் பறித்துவிட்டேனோ என்று நினைத்தால் சோறு இறங்குவதில்லை. இதைப் படித்து நீங்கள் வருத்தப்பட வேண்டும் என்று எழுதவில்லை. ஒப்பந்தப்படி உண்மையைத்தான் எழுத வேண்டும், அதனால் எழுதினேன்.

இனி அறிவுரை எதுவும் அனுப்ப மாட்டேன். ஒரு வரி போதும். ஆமாம் அல்லது இல்லை.

உங்கள் மகள்


மார்ச் 21

என் கண்ணுக்கு,

ஆமாம்.

பிப்ரவரி இருபதாம் தேதியிலிருந்து கீழே இருக்கிறேன். வாசலில், பெட்டிகளின் பூட்டு எண்ணைச் சரிபார்க்கிற வேலை. சர்க்கரை ஏறியிருந்தது. மே மாதம்வரை மேலே அனுப்பக்கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார்.

உன் மேல் கோபமா? பைத்தியம். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். தாளில் பொய் கிடையாது என்று கையெழுத்துப் போட்டவனே பொய் எழுதிவிட்டு, அதையும் ஒழுங்காக எழுதத் தெரியாமல் காலுறையில் மாட்டிக்கொண்டேனே என்கிற வெட்கம்தான். "வேலை வழக்கம்போல்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே கண்ணில் பட்டதையெல்லாம் எழுதியிருக்கிறேன். உன் கடைசிக் கடிதத்தை நெட்டையனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "பொண்ணு ஒரு வரிதானே கேட்டிருக்கு? ஆமான்னு எழுத உன் பேனாவுல மை இல்லையா?" என்றான். காலுறை விஷயத்துக்கு அவனுக்கு உன் மேல் தனி வருத்தம். "என் மானம் ஊர்விட்டு ஊர் போயிடுச்சு" என்கிறான்.

நீ சொன்னது இரண்டு பாட்டில். அதை ஆறாக்கியது யார்? லேபிள் என் கையிலும்தான் இருந்தது. ஆறு பாட்டில் வாங்கியவன் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. உன் பங்கை நீ எடுத்துக்கொள், என் பங்கையும் சேர்த்துத் தூக்காதே. அது பெரியவர் சுமை.

இப்போது ஒரு விசித்திரம் சொல்கிறேன். கீழே நான் நிற்கும் இடத்திலிருந்து முப்பதடியில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே கழிப்பறையும் இருக்கிறது. முதல் நாள் வேலைக்கு நடுவில் ஒரு குவளை குடித்துவிட்டு, பழக்கத்தில் யாராவது அதட்டுவார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் அதட்டவில்லை. பதினோரு வருடத்தில் வேலை நேரத்தில் நான் குடித்த முதல் குவளை அதுதான். ஒரு வாரத்தில் மத்தியானத் தலைவலி போய்விட்டது. அது கடல் வெயிலால் வரும் தலைவலி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அம்மாவிடம்கூடச் சொல்லியிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணில் கோளாறு இல்லை. உடம்பு காய்ந்து போயிருந்தது.

சுகாதார அறை நர்ஸம்மா எங்கள் எட்டுப் பேரின் தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, "இதுல அஞ்சு பேருக்கு இதே கதை. நீங்க எல்லாரும் என்ன, மேல ஏறுனா ஒட்டகமா?" என்று கேட்டார். பிரச்சினை டப்பாவா, பாட்டிலா என்பதில் இல்லை. இறங்கக் கூடாது என்பதில்தான். அதைப் போய் மேற்பார்வையாளரிடம் சொன்னோம். "தண்ணி குடிக்க ஒரு சட்டமாய்யா?" என்று குதித்தார். நர்ஸம்மா அந்த அஞ்சு தாளையும் அவர் மேசையில் பரப்பினார். அஞ்சு பேரும் ஒரே நாளில் கீழே வந்தால் கப்பல் சரக்கை யார் இறக்குவது என்று மட்டும் கேட்டார். மேற்பார்வையாளர் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். குதித்தவர் யோசிப்பதே பெரிய விஷயம்.

உன் அட்டவணையை அலமாரியிலிருந்து பிரித்து, குழாய்க்கு மேலே ஒட்டிவிட்டேன். 11-ஐ அடித்து, சிவப்பு மையில் 33 என்று எழுதினேன். தப்பை ஏன் மறைக்கவில்லை என்று நெட்டையன் கேட்டான். அடித்ததைப் பார்த்தால்தான் மற்றவனும் பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பான் என்றேன். இன்று இரண்டு பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திருப்பிப் பார்த்ததை நானே பார்த்தேன்.

அம்மாவின் இரண்டு கோடும் கிடைத்தது. தனியாக அவளுக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீ பிரிக்கக் கூடாது.

மே மாதம் என்ன ஆகும் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. இது தாள், அதனால் எழுதுகிறேன்.

அப்பா


ஏப்ரல் 4

என் அன்புள்ள அப்பாவுக்கு,

"ஆமாம்" என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நீங்கள் கீழே இருக்கிறீர்கள் என்பது கெட்ட செய்திதான். ஆனால் தெரியாமல் இருந்த நாள்களைவிட அது எவ்வளவோ மேல். அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அம்மாவின் தாளை நான் பிரிக்கவில்லை. சத்தியமாக. அம்மா அதைக் கடையிலேயே படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அம்மாவின் கண்ணாடியில் தூசி எதுவும் இல்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்ததைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை என்று இப்போதுதான் கற்றுக்கொண்டு வருகிறேன்.

நம் வீட்டுச் செய்தி. அம்மா தேநீருக்கு இரண்டு கரண்டி போடுவார் அல்லவா? யாரிடமும் சொல்லாமல் ஒன்றரை ஆக்கியிருக்கிறார். அடுத்த வாரம் ஒன்று. நான் கண்டுபிடித்துக் கேட்டதற்கு, "உங்கப்பா அங்க பச்சைத் தண்ணி குடிக்கும்போது எனக்கு இங்க பாகு எதுக்கு?" என்றார். ஆனால் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதக் கூடாதாம். ஒரு கோட்டை மட்டும் அழித்துவிடச் சொன்னார். ஆகவே இப்போது ஒரு கோடு.

நானும் பள்ளிக்கு இனிப்புப் பானம் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். முதல் மூன்று நாள் எதைப் பார்த்தாலும் எரிச்சல். பக்கத்தில் உட்காரும் தோழி, "உன்கிட்ட யாராவது பேசினா கடிச்சுடுவ போலிருக்கே" என்று தள்ளி உட்கார்ந்தாள். நான்காம் நாள் சரியாகிவிட்டது. ஒரு துண்டு எலுமிச்சை போட்ட தண்ணீர் நன்றாகவே இருக்கிறது. அதில் சர்க்கரை போடாமல் குடிக்க முடியும் என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றியதே இல்லை. இது அறிவுரை இல்லை, அப்பா, வெறும் செய்தி. அறிவுரைக்கு நர்ஸம்மா இருக்கிறார்.

ஒப்பந்தம் உடைந்துவிட்டதா என்று ரொம்ப யோசித்தேன். தாளில் பொய் எழுத உங்களுக்கு வரவில்லை. எழுதிய அன்றே உங்கள் கையே காட்டிக்கொடுத்துவிட்டது. அதனால் உடையவில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. மே 2 முடிவு எதுவானாலும் போனில் சொல்ல வேண்டாம். எழுதுங்கள். அம்மாவும் சம்மதித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாம் மழையைப் பற்றி மட்டும் பேசுவோம். மேலே இருந்தாலும், கீழே இருந்தாலும் நீங்கள் எழுதுவதைப் படிக்க எனக்குப் பிடிக்கும். பூனைக்குட்டியின் கருப்புக் காதும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

உங்கள்,
பூதக்கண்ணாடி


மே 6

என் பூதக்கண்ணாடிக்கும், கண்ணாடிக் கடைக்காரிக்கும்,

காற்று அடிக்கிறது. சங்கு ஊதிவிட்டார்கள்.

மஞ்சள்கள் எல்லாம் கூரைக்கு அடியில் ஓடுகின்றன. வெள்ளை ஒன்று நடுவில் நின்று மேலே என்னையே பார்க்கிறது. பச்சைப் பொட்டு கையை ஆட்டுகிறது. இன்று அவன் என்ன காலுறை போட்டிருக்கிறான் என்று தெரியவில்லை. ரேடியோவில் கேட்டேன். "ரெண்டும் ஒரே கலர்னு உன் பொண்ணுக்கு எழுது" என்றான். எழுதிவிட்டேன். ஆனால் இங்கிருந்து சரிபார்க்க முடியாது, அவன் வாக்குத்தான்.

எண் எல்லைக்குள் வந்துவிட்டது. கொஞ்சம்தான் உள்ளே. ஆனால் உள்ளே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நர்ஸம்மா கறாராகச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். கீழே இருந்த இரண்டு மாதத்தில் கால் சோம்பேறியாகிவிட்டது. ஆனால் தலை வலிக்கவில்லை.

பறவை இன்றும் எனக்குக் கீழேதான் பறக்கிறது. அதன் முதுகு உனக்காக.

மேற்பார்வையாளர் யோசித்து முடித்துவிட்டார். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றாள் ஏறி வருவார். "என் காதுல அந்த நர்ஸம்மா குரல் விழக்கூடாது, அவ்வளவுதான்" என்றாராம். இப்போது எங்கள் எட்டுப் பேரின் இருக்கைக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு தண்ணீர் பாட்டில் நிற்கிறது. என்னுடையதில் எலுமிச்சைத் துண்டு போட்டிருக்கிறேன். நீ எழுதியது செய்திதானே, அறிவுரை இல்லையே, அதனால் கேட்டேன்.

மிச்சம் இருக்கும் அந்த ஒரு கோட்டைப் பற்றி அம்மாவிடம் கேள். லீவில் வரும்போது நானே வந்து அழிக்கிறேன் என்று சொல்.

இன்னும் இரண்டு பக்கம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். காற்று தணிந்துவிட்டது. கண்ணாடித் தரை வழியாகப் பார்க்கிறேன், மாற்றாளின் தலைக்கவசம் படியில் சுற்றிச் சுற்றி மேலே வந்துகொண்டிருக்கிறது. பாட்டில் காலி.

தண்ணீர் குடித்துவிட்டேன் கண்ணு. இறங்க வேண்டும்.

அப்பா